ஆய்வு எழுதியாயிற்று, இனி யாரிடம் சொல்வது? ராமநாதபுரம் கரையில் கொள்கை ஆய்வு செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

மீன்பிடிக் கொள்கையையோ கடற்கரை நிலத்தையோ பற்றி ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆய்வு செய்ய வருபவர்களுக்கு, தகவல் திரட்டுவது எப்படி என்று சொல்லித்தரப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். திரட்டியதை எழுதி முடித்தபின் யாரிடம், எந்த வரிசையில், எந்த வடிவில் கொண்டுபோவது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை. அதனால் தடிமனான அறிக்கை சென்னையில் ஒரு ஹோட்டல் அரங்கில் வெளியாகிறது. பாம்பனில் தகவல் தந்தவர் அதை மறுநாள் பேப்பரில் ஒரு தலைப்பாகப் பார்க்கிறார், அந்தத் தலைப்பு அவருக்கே எதிராக இருக்கிறது. அடுத்த முறை எந்த ஆய்வாளர் நோட்டுப் புத்தகத்தோடு அந்த ஊருக்குப் போனாலும் டீ கிடைக்கும், தகவல் கிடைக்காது.

ஆகவே வரிசைதான் முக்கியம். எண் முதலில் அதைத் தந்த கரைக்குத் திரும்ப வேண்டும். கலெக்டர் ஆபீஸ், பத்திரிகை, சென்னை, டெல்லி எல்லாம் அதற்குப் பிறகு. மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்கக் கரையில் இருப்பவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் கிடையாது. அது அங்கே தெரிந்தால் திருத்திவிடலாம். செய்தியாக வந்தபின் தெரிந்தால் விளக்கம்தான் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

முதலில், முடிவை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

அந்த வாக்கியத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எந்தக் கடல், எந்தப் படகு, எந்த மாதம், யாருக்கு என்ன ஆயிற்று. "பாக் விரிகுடாவில் மீன்வளம் குறைந்துவருகிறது" என்பது ஆய்வு முடிவு ஆகாது. அதை ஆய்வே இல்லாமல் எந்த டீக்கடையிலும் சொல்வார்கள். "பாம்பன் வடகடலில் நாட்டுப்படகில் நண்டு வலை போடுபவர்களுக்கு, தை முதல் பங்குனி வரை, ஒரு நாள் பாடு சென்ற ஆண்டைவிட இத்தனை கிலோ குறைவு" என்பது முடிவு (பாடு என்றால் பிடிபட்ட அளவு). இதைக் கேட்பவர் தன் படகோடு ஒத்துப்பார்த்து, சரி என்றோ தப்பு என்றோ சொல்ல முடியும்.

கடலைப் பிரித்துச் சொல்வது இங்கே மிக அவசியம். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்வழக்கில் வடகடல், தென்கடல். ஆழம், காற்று, மீன், சட்டம் எல்லாமே இரண்டுக்கும் வேறு. வாடைக்காற்று அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு உண்டு. அதைத் தென்கடலுக்கும் சேர்த்து எழுதிவிட்டால், முதல் பக்கத்திலேயே உங்கள் குறிப்பு மூடி வைக்கப்படும்.

எண்ணைச் சோதித்தல்: கரை கேட்பதற்கு முன் நீங்களே கேளுங்கள்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது. தடை முடிந்து இறங்கும் முதல் சில தொழில்களில் (கடலுக்குப் போய்வரும் நடைகளில்) பாடு அள்ளும், பிறகு இறங்கிவிடும். ஜூன் கடைசியில் எடுத்த எண்ணை ஆகஸ்ட் எண்ணோடு வைத்து "இரண்டே மாதத்தில் பாதியாகிவிட்டது" என்று எழுதுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஒரு மாதத்தை அதே மாதத்தோடு, முந்தைய ஆண்டோடு ஒப்பிடுங்கள். ஒப்பிடும் ஆண்டுகளில் ஒன்று 2017-க்கு முன்னால் விழுந்தால் தடைநாள் வேறுபாட்டைக் குறிப்பிலேயே சொல்லுங்கள். நாட்டுப்படகுக்கு இந்தத் தடை இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. தடைக்காலத்தில் மீன் விலை ஏறி நாட்டுப்படகுக்காரர் கையில் நாலு காசு பார்ப்பார். அதைச் சேர்க்காமல் ஆண்டு வருமானம் கணக்கிட்டால் குறைவாக வரும்.

நாள் கணக்கும் அப்படியே. ராமேஸ்வரத்தில் விசைப்படகு திங்கள், புதன், சனி தொழிலுக்குப் போய் மறுநாள் காலை கரை சேரும். செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியற்காலையில் இறங்குதளத்தில் நிற்காதவரின் எண்ணிக்கையில் பெரும்பகுதி ஊகம்தான்.

சில எண்கள் சரியாக இருந்தும் சண்டையை இழுக்கும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது, தீவுகள் 21. கடலில் போய் எண்ணினால் 19-தான் இருக்கும், ஏனென்றால் விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. வெறுமனே "21 தீவுகள்" என்று எழுதினால் ஊர்க்கூட்டத்தில் ஒருவர் கையைத் தூக்குவார். "19" என்று எழுதினால் வனத்துறை அதிகாரி தூக்குவார். "அறிவிக்கையில் 21, இப்போது நீருக்கு மேல் 19" என்று எழுதிவிட்டால் இருவருக்கும் வேலையில்லை.

"மீனவர் எண்ணிக்கை" இதைவிட மோசம். கடல் மீன்பிடிக் கணக்கெடுப்பில் மீனவக் குடும்பம் ஒரு எண், கடலுக்குப் போகிறவர் வேறு எண், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் இன்னொன்று, நலவாரியத்தில் பதிந்தவர் மற்றொன்று. நான்கும் சரியானவை, ஒன்றோடொன்று பொருந்தாதவை. எதைப் பயன்படுத்தினீர்கள், எந்த ஆண்டின் கணக்கெடுப்பு என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.

சட்டத்தை மேற்கோள் காட்டும்போது அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ன் கீழ் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை விசைப்படகு தொழில் செய்யக் கூடாது. அந்தத் தூரம் எத்தனை கடல் மைல் என்பதை நடப்பு விதியைப் பார்த்துப் போடுங்கள். சுருக்குமடி (மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் வலை) இன்னும் சிக்கல். தமிழகம் அதைத் தடை செய்திருந்தாலும், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் நிபந்தனைகளோடு அனுமதித்தது. பழைய அரசாணையை மட்டும் வைத்து எழுதினால் படகுச் சங்க வக்கீல் உங்களைப் பேச விடமாட்டார்.

சதவீதத்தை ரூபாயாகவும் கிலோவாகவும் மாற்றுங்கள்

ஒரு திட்டத்தை எடுத்துப் பார்ப்போம். பாக் விரிகுடாவில் இழுவைமடிப் படகுகளை (வலையைக் கடலில் இழுத்துச் செல்லும் விசைப்படகுகளை) குறைத்து, சூரை பிடிக்கும் ஆழ்கடல் தூண்டில் படகுகளுக்கு மாற்றும் திட்டம் 2017-ல் தொடங்கியது. அப்போது ஒரு படகின் விலை 80 லட்சம் என்று வைக்கப்பட்டது. மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் பங்கு 10 சதவீதம். அறிக்கைகளில் இது "70 சதவீத மானியம்" என்று வரும். சென்னையில் கேட்பவருக்குத் தாராளமாகத் தோன்றும்.

கரையில் இதை இப்படிச் சொல்ல வேண்டும்: 80 லட்சத்தில் 40 லட்சம் மத்திய அரசு, 16 லட்சம் மாநில அரசு. மீதியில் 16 லட்சம் உங்கள் பேரில் கடன், 8 லட்சம் உங்கள் கையிலிருந்து. இருக்கிற இழுவைமடிப் படகை விட்டுக்கொடுக்க வேண்டும். இப்படிச் சொன்னதும் கேள்வி உடனே மாறும். "கையிலிருந்து எட்டு லட்சம் எங்கே போவது?" என்று முதல் ஆள் கேட்பார். இரண்டாவது ஆள் கேட்பது இன்னும் ஆழமானது: ஒரு ராத்திரி போய்க் காலையில் திரும்பும் தொழிலுக்குப் பழகிய ஆட்கள், நாள்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கச் சம்மதிப்பார்களா? படகை மாற்றுவது முதலாளி, தூக்கத்தையும் வீட்டையும் மாற்றிக்கொள்வது கூலிக்குப் போகிறவர். மானியச் சதவீதத்தில் இந்த இரண்டாவது கேள்வி எங்குமே தென்படாது. உங்கள் ஆய்வில் அதற்குப் பதில் இல்லையென்றால், இல்லை என்று குறிப்பிலேயே எழுதுங்கள்.

கடலியல் சொற்களுக்கும் இதே வைத்தியம். "மீன்பிடி முயற்சிக்கான ஈட்டு விகிதம்" என்று பாடநூலில் வருவதை "ஒரு மணி நேர இழுவைக்கு எத்தனை கிலோ" என்று சொல்லுங்கள். ஆழத்தை மீட்டரோடு பாகத்திலும் போடுங்கள், ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர். மூன்று கடல் மைல் என்பது ஐந்தரைக் கிலோமீட்டர். பாசியை மொத்தமாகக் "கடற்பாசி" என்று எழுதாதீர்கள். சின்னப்பாலத்துப் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் வேறு, மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸ் வேறு. எடுப்பவர், வாங்குபவர், பொருந்தும் விதி எதுவும் ஒன்றல்ல.

கரையில் கூட்டம் போடுவது

எல்லாரையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைக்க ஆசைப்படாதீர்கள். விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தால், பேச்சு உங்கள் ஆய்வைப் பற்றி இருக்காது, அறுந்த வலையைப் பற்றி இருக்கும். முதலாளி இருக்குமிடத்தில் கூலிக்குப் போகிறவர் வாய் திறக்கமாட்டார். ஆண்கள் கூட்டத்தில் பெண்கள் பின்வரிசையில் நின்றபடி கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். குறைந்தது மூன்று கூட்டம் தேவை: விசைப்படகு, நாட்டுப்படகு, பெண்கள். முடிந்தால் கூலிக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று.

நாள் குறிப்பதைக் கடல்தான் தீர்மானிக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பது விசைப்படகு போகும் திங்கள், புதன், சனியில். விசைப்படகுக்காரர்களுக்குச் செவ்வாய் அல்லது வியாழன் மாலை, மீன் இறக்கி ஏலம் முடிந்து தூங்கி எழுந்தபிறகு. வெள்ளியன்று கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் ஜும்மா நேரத்தைத் தொடாதீர்கள். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஞாயிறு காலை பூசை. மீன் விற்கும் பெண்கள் விடியலில் மார்க்கெட்டுக்குப் போனால் மதியத்துக்கு மேல்தான் திரும்புவார்கள், ஆகவே மூன்றரை, நான்கு மணி. பாசி எடுக்கும் பெண்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்கள் தொழில் நாட்கள். காலண்டரில் பிறையைப் பார்த்து இடைப்பட்ட நாளைப் பிடியுங்கள்.

அழைப்பு ஊர்த் தலைவர் வழியாகவும் சங்கத்தின் வழியாகவும் போக வேண்டும். ஊருக்கேற்றபடி பங்குத்தந்தையிடமோ ஜமாத் தலைவரிடமோ முன்பே சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் அனுமதி தருகிறார்கள் என்பதற்காகக் குறிப்பை அவர்களிடம் மட்டும் படித்துக்காட்டி, ஊரிடமே சொல்லியாயிற்று என்று கணக்கு எழுதிக்கொள்ளக் கூடாது.

புரொஜெக்டரை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பகலில் படம் தெரியாது, மாலையில் கரண்ட் போகும். நான்கு சார்ட் தாள், தடித்த மார்க்கர், கடைசி வரிசைக்குத் தெரிகிற அளவு பெரிய எழுத்து. ஒரு தாளில் ஒரே எண். ஆறடிக்கு நாலடி ஃப்ளெக்ஸில் ஒரு வரைபடம் அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதில் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும் இருந்தால் போதாது, பாம்பன் பாலம், கலங்கரை விளக்கம், குருசடைத் தீவு போன்ற கரைக்குறிகள் பெரிதாக இருக்க வேண்டும். அந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டுவது இன்னொரு பிழை. தென்கடல் கரையில் நிற்பவருக்குக் கடல் எதிரே தெற்கில் இருக்கிறது, சுவர்ப்படத்திலோ தெற்கு கீழே. வலக்கைப் பக்கம் இருக்கும் ஊர் படத்தில் இடப்பக்கம் வரும். படத்தைத் தரையில் விரித்து, அதன் தெற்கு நிஜமான தெற்கைப் பார்க்கும்படி திருப்பி வைத்தால் பத்துப் பேர் உடனே குனிந்து விரல் வைத்துக் காட்டத் தொடங்குவார்கள். நீங்கள் ஐந்து மாதம் திரட்டியதில் விட்டுப்போன இடம் அந்த விரல் நுனியில் கிடைக்கும்.

நீங்கள் பேசுவது பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மீதி நேரம் கேள்விக்கு. முதல் கேள்வி ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்: "தம்பி, எங்க ஊர்ல எத்தனை போட்டு எண்ணுனீங்க?" பதில் எண்ணாகவே வர வேண்டும். பன்னிரண்டு படகு என்றால் பன்னிரண்டு. "போதுமான மாதிரி" என்று இழுத்தால் கூட்டம் அங்கேயே முடிந்தது. இரண்டாவது கேள்வி: "இதனால எங்களுக்கு என்ன?" இதற்கு வாக்குறுதி தராதீர்கள். இந்தக் குறிப்பு எந்த ஆபீசுக்கு, எந்த மாதம் போகிறது, அவர்களால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதைச் சொன்னால் போதும்.

ஒருவர் பேச, இன்னொருவர் மறுப்புகளை எழுத வேண்டும், சொன்னவர் சொன்ன சொற்களிலேயே. அன்றிரவே மறுப்புகளை இரண்டாகப் பிரியுங்கள். "நீ எண்ணிய அன்று டீசல் பிரச்சனையில் பாதிப் படகு போகவில்லை" என்பது உண்மை பற்றிய மறுப்பு. சோதித்துப் பார்த்து, சரியென்றால் திருத்துங்கள். "இப்படி எழுதினால் எங்கள் படகைப் பிடுங்கிவிடுவார்கள்" என்பது விளைவு பற்றிய மறுப்பு. அதற்காக எண்ணை மாற்றக் கூடாது. ஆனால் அந்த அச்சத்தைக் குறிப்பில் ஒரு பத்தியாகச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள், ஒன்று ஊருக்கு வேண்டியதை மட்டும் எழுதுவார்கள், அல்லது ஊர் சொன்ன எதையுமே எழுதமாட்டார்கள்.

படம் எடுத்தால் படகின் பதிவு எண் தெரியாமல் பாருங்கள். இந்தக் கரையில் எண் தெரிந்தால் முதலாளி பெயர் தெரிந்த மாதிரிதான். "ஓலைக்குடாவைச் சேர்ந்த, இரண்டு படகு வைத்திருக்கும், ஐம்பது வயதுப் பெண்" என்று எழுதிவிட்டுப் பெயரை மறைத்துவிட்டோம் என்று நினைப்பதும் வீண்.

அதிகாரிக்கு இரண்டு பக்கம்

திருத்திய முடிவை இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாக்குங்கள். எண்ணூறு சொல்லுக்குள், 12 அல்லது 13 புள்ளி எழுத்தில், ஒரே ஒரு அட்டவணையோடு. மேலே ஒரு பக்க முகப்புக் கடிதம். அதில் ஆபீஸ் வழக்கப்படி "பொருள்", "பார்வை" இரண்டும் இருக்க வேண்டும். பார்வையில் சம்பந்தப்பட்ட அரசாணை எண்ணையும் நாளையும் போட்டால் கடிதம் சரியான மேசைக்குப் போகும். போடாவிட்டால் தபால் பிரிவிலேயே ஊறும். யூனிகோடில் தட்டச்சு செய்து, அச்சுப் பிரதியோடு பிடிஎஃப்பும் தாருங்கள். வேர்டு கோப்பாக அனுப்பினால் சில கணினிகளில் எழுத்து உடைந்து கட்டம்கட்டமாகத் தெரியும்.

குறிப்பின் வரிசை: பிரச்சனை நான்கு வரி, ஆதாரம் அரைப் பக்கம், செய்யக்கூடியவை இரண்டோ மூன்றோ. ஒவ்வொன்றுக்கும் யார் செய்ய வேண்டும், ஏறக்குறைய என்ன செலவு, யாருக்கு நஷ்டம். கடைசிச் சொல்தான் பெரும்பாலான குறிப்புகளில் காணாமல் போகிறது. கரையோரத் தூர விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்வீர்களானால், விசைப்படகில் கூலிக்குப் போகிறவருக்கு எத்தனை நாள் வேலை போகும் என்பதையும் நீங்களே எழுதுங்கள். எழுதாவிட்டால் அதை எதிர்த்தரப்பு எழுதும், உங்கள் எண்ணைவிடப் பெரிதாக.

யாருக்கு அனுப்புவது என்பதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அரசமைப்புச் சட்டப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பிராந்தியக் கடலுக்கு, அதாவது 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடிப்பது மத்தியப் பட்டியல். படகு, வலை, டோக்கன் (கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு), தடைக்காலம் ஆகியவை மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை. தீவுகள், கடல் அட்டை, தேசியப் பூங்கா எல்லைக்குள் பாசி எடுப்பது வனத்துறை. கடல் அட்டை 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவதால், அதைப் பற்றி மீன்வளத்துறைக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பதில் பயனில்லை. எல்லைப் பிரச்சனை டெல்லி.

கலெக்டர் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பது நல்ல வழி. எல்லாத் துறையும் ஒரே மேசையில் இருக்கும், "அது எங்கள் துறை இல்லை" என்று சொல்ல வழியில்லை. அந்தக் கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி எல்லைக்குள் வரும் விஷயமென்றால், அங்கே தீர்மானமாகப் பதிவாவதற்குத் தனி எடை உண்டு. ராமேஸ்வரம், கீழக்கரை போன்ற நகராட்சிகளில் கிராம சபை கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

சட்டமன்றத்தைக் குறிவைப்பவர்கள் மீன்வள மானியக் கோரிக்கை வரும் நாளைப் பார்க்க வேண்டும். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு அன்றைக்கு வெளியாகும். அதற்கு நான்கு வாரம் முன்னால் எம்எல்ஏவிடம் போனால் கேள்வியாகும், மறுநாள் போனால் டீ.

பத்திரிகை, வானொலி, வாட்ஸ்அப்

மாவட்டச் செய்தியாளருக்கு ஒரு பக்கம் போதும். மேலே அந்த ஒற்றை வாக்கியம், கீழே இரண்டு எண், அவர் அப்படியே போடக்கூடிய இரண்டு வரி மேற்கோள். பகல் இரண்டு மணிக்குள் சேர்த்தால் மாவட்டப் பக்கத்தில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். தலைப்பு உங்கள் கையில் இல்லை, உள்ளூர் நிருபர் கையிலும் இல்லை. அதனால் உங்கள் முடிவில் வராததையும் ஒரு வரி எழுதிக்கொடுங்கள்: "இந்த ஆய்வு தென்கடல் படகுகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை." இந்த ஒரு வரி பல தவறான தலைப்புகளைத் தடுத்துவிடும்.

பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 மீனவர்களுக்கான சமூக வானொலி. சமூக வானொலிக்கு ஒலிபரப்புத் திறன் குறைவாகத்தான் அனுமதிக்கப்படுகிறது, ஆகவே தொண்டிப் பக்கத்து ஊர்களுக்கு அது எட்டும் என்று எண்ண வேண்டாம். வானொலியில் அட்டவணை செல்லாது. ஒரு நிகழ்ச்சிக்கு ஓர் எண், அதைத் தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை. நீங்கள் மட்டும் பேசாமல், கூட்டத்தில் மறுத்துப் பேசிய ஒருவரையும் அவர் சம்மதத்தோடு உட்காரவையுங்கள். இருவர் வாதம் செய்வதைத்தான் கேட்பார்கள்.

வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் யாரும் திறப்பதில்லை. ஒன்றரை நிமிடக் குரல்பதிவு ஒன்று, படம் ஒன்று. எந்தக் கடல், எந்த மாதங்கள், எத்தனை படகு, வெளியிட்ட நாள், யார் வெளியிட்டது என்ற ஐந்தும் படத்துக்குள்ளேயே அச்சாகியிருக்க வேண்டும். கீழே எழுதும் குறிப்பு இரண்டாவது ஃபார்வர்டிலேயே உதிர்ந்துவிடும். பிறகு உங்கள் 2023 எண் 2027-லும் "இன்றைய செய்தி" என்று சுற்றும்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்

கடற்கரையில் ஒரு தொழில்திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது, 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி நடக்கும் கூட்டம் இது. குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் கலெக்டர் ஆபீஸ் உள்ளிட்ட இடங்களில் பார்வைக்கு இருக்கும். அந்த முப்பது நாளில் முதல் வாரமே முழு அறிக்கையைப் போய்ப் படியுங்கள். சுருக்கத்தில் சொல்லாதது பின்னிணைப்பில் இருக்கும், மீன்வளத்தைப் பற்றிய பகுதி எந்த மாதத்தில் எத்தனை நாள் எடுத்த தகவல் என்பது உட்பட. உங்கள் கருத்தை எழுத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கூட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மைக் பிடித்துப் பேசுவது ஊர்க்காரர்களின் நேரம், அதை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. கூட்ட முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தை அங்கேயே தமிழில் படித்துக்காட்டி, அன்றே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. கூச்சலில் கூட்டம் கலைந்தால் இது நடக்காமல் போகும், சொன்னது பதிவில் இருக்காது. ஊர்த் தலைவர்களிடம் முன்கூட்டியே இதை விளக்கிச் சொல்வது நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி.

எல்லை விஷயத்தைத் தொடும்போது

கச்சத்தீவைப் பற்றி எழுதாமல் இந்தக் கரையில் கொள்கை ஆய்வு செய்ய முடியாது. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் என்ன சொல்கிறது, 1976 கடிதப் பரிமாற்றம் என்ன சொல்கிறது என்று தனித்தனியாக எழுதுங்கள். முதலாவது இந்திய மீனவரும் யாத்திரிகரும் தீவுக்குப் போய்வருவதைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது, ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. இலங்கை 2017-ல் இழுவைமடியைத் தடை செய்ததையும், 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கூட்டியதையும் விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைதான். இலங்கையின் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் வலை அறுபடும் தமிழ் மீனவரும் உங்கள் வாசகர்தான்.

கைதான படகு, சிறையில் இருப்பவர் பற்றிய தகவலை வழக்கு நடக்கும்போது வெளியிடாதீர்கள். படகு எங்கே தொழில் செய்தது என்று ஆய்வுக்காக ஒருவர் நம்பிச் சொன்னது அவருக்கெதிராகவே திரும்பும். ஜிபிஎஸ் புள்ளிகளை அப்படியே வரைபடத்தில் போடாமல், ஐந்து கடல் மைல் கட்டங்களாகத் திரட்டிக் காட்டுங்கள். முடிவுக்கு அது போதும்.

வெளியிட்டபின்

எங்கே, யாரிடம், எந்த நாளில், எந்தப் பதிப்பைக் கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். பிழை தெரிந்தால் திருத்திய தாளில் "திருத்தம்" என்றும் நாளும் மேலே போட்டு, அந்த நோட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அனுப்புங்கள், ஊர்க்கூட்டம் நடந்த இடத்துக்கு நேரில் போய்.

மனு கொடுத்து இரண்டு மாதமாகியும் சத்தமில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனு எண்ணைக் குறிப்பிட்டு, "இதன் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு நகல்" என்று கேளுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று தட்டிக்கழிக்க இடம் கொடுத்ததாகும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ வந்த பதில் போதாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கிடைக்கும் கோப்புக் குறிப்பில் உங்கள் இரண்டு பக்கத்தில் எந்த வரியை எழுத்தர் எடுத்தெழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அடுத்த குறிப்பை அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.